இடது பக்கம் நின்றவன்

இது நடந்தது. ராத்திரியில் இல்லை, சுடுகாட்டுப் பக்கம் இல்லை. போன மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கண் கூசும் விளக்குக்குக் கீழே நடந்தது. எனக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பேர் வின்சென்ட். பிறந்தது கோலார் தங்கவயல், இருப்பது பெங்களூர் நீலசந்திரா. கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிப்பவன். நாற்பத்தாறு வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாயால் சொல்ல முடியாத ஒன்று இருந்தது. எழுதியாவது வைக்கலாம் என்று படித்தேன்.

எங்கள் வேலையில் ஜூலா என்று ஒன்று உண்டு. கயிற்றில் தொங்கும் பலகை. ஒருவன் அதில் உட்கார்ந்து பெயிண்ட் அடிப்பான். இன்னொருவன் மொட்டை மாடியில் கயிற்றைத் தூணில் கட்டிக் காவல் நிற்பான். பலகையை அடுத்த ஜன்னலுக்கு இறக்கும்போது மட்டும் முடிச்சை அவிழ்த்து, தூணில் ஒரே ஒரு சுற்று வைத்துக் கையில் பிடிக்க வேண்டும். பத்து மூச்சு நேரம். அந்தப் பத்து மூச்சுக்கு எவனை நம்புவது என்று கீழே தொங்குகிறவன்தான் சொல்வான். அதில் மேஸ்திரிகூடத் தலையிட மாட்டார். என்னோடு வேலை பார்த்த ஜெயவேலு ஏழு வருஷமாக என்னைத்தான் கேட்டான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. அந்தப் பத்து மூச்சில் எனக்கு மூச்சே வரவில்லை. கண் இருட்டியது. கயிறு கையை விட்டுப் போய்விட்டது. அந்த வாரமே மூன்று தடவை அப்படி வந்திருந்தது. சொன்னால் மாடி ஏற விடமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஜெயவேலுவிடமும் சொல்லவில்லை.

போலீஸ் கேட்டபோது, பலகையோடு சேர்த்துக் கட்டும் இடுப்புக் கயிற்றை அவனே அவிழ்த்து விழுந்துவிட்டான் என்றேன். அவன் மனைவி பாஞ்சாலியிடமும் அதையே சொன்னேன்.

இந்த வருஷம்தான் டாக்டர் பிரபா கண்டுபிடித்தார். இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. பிறக்கும்போதே இருந்ததாம். நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை, தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, சின்னக் குடை மாதிரி ஒன்றை உள்ளே விரித்து அடைத்துவிடலாம் என்றார். எனக்கென்று ஆள் கிடையாது. துணைக்கு வந்தது பாஞ்சாலி. ஆஸ்பத்திரி பாரத்தில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

உள்ளே போவதற்கு முன் அவள் கையைப் பிடித்தேன்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. ஜெயவேலு விஷயம்.”

“கயித்தை அவுத்துக்கினு தொங்குன புத்திசாலியைப் பத்தி இப்ப என்ன? மொதல்ல ஓட்டையை அடைச்சுக்கினு வாண்ணா. அப்புறம் சொல்லு.”

சிரித்தாள். நான் உள்ளேயே செத்துப்போனால் உண்மையும் என்னோடு போய்விடும். அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் மணி 11.05. உள்ளே ஐந்து பேர். எக்ஸ்ரேவுக்காக எல்லோரும் கனமான ஈய அங்கி போட்டிருந்தார்கள். எல்லோரும் என் வலது பக்கம். இடது பக்கம் மெஷினும் டிவியும் மட்டும்தான். நர்ஸ் மௌரீன் என் இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டினாள்.

“அசையக் கூடாது அங்கிள். பேசவும் வேணாம்.”

“ஸ்வல்ப, கொஞ்சம் எரியும்” என்றார் டாக்டர். தொடையில் ஊசி. பிறகு மரத்துப்போனது. நெஞ்சுக்குள் சின்ன மீன் துள்ளுவது போல இருந்தது. பீப்... பீப்... பீப்...

11.20.

யாரோ என் இடது கையைப் பிடித்தார்கள்.

மௌரீன் என்று நினைத்தேன். ஆனால் கையுறை இல்லை. காய்ந்த உள்ளங்கை. காய்ப்பு ஏறிய விரல்கள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினேன்.

ஒரு முழங்கை தெரிந்தது. ஈய அங்கி இல்லை. மணிக்கட்டில் மஞ்சள் பெயிண்ட் சொட்டு...

ஜெயவேலு கடைசியாக அடித்தது மஞ்சள்.

“குடை சரியா உக்காரல. வெளிய எடுத்துடறேன்” என்றார் டாக்டர். பிடி இறுகியது. பீப்பீப்பீப்...

“பல்ஸ் ஏறுதே. பயப்படறீங்களா?”

சொல்லிடறேன்டா... வெளியே போனதும் சொல்லிடறேன்... மனதுக்குள் கெஞ்சினேன்.

11.39. இன்னொரு குடை. இழுத்தார். தள்ளினார். மறுபடி இழுத்தார்.

“நல்லா புடிச்சிருக்கு. விட்டுடலாம்.”

11.40.

கை என்னை விட்டது.

சப்... சப்... சப்...

ரப்பர் செருப்பு.

கதவு திறக்கவில்லை.

சத்தம் மட்டும் வெளியே போனது.

மணிக்கட்டுத் துணியை அவிழ்த்த மௌரீனிடம் கேட்டேன். “இந்தப் பக்கம் யாரு சிஸ்டர் நின்னது?”

“அங்க எப்படி அங்கிள் நிக்க முடியும்? மெஷின் இருக்கே.” என் கையைப் பார்த்தவள் நின்றாள். புறங்கையில் நான்கு விரல்களின் தடம், சிவப்பாக.

நாலு மணிக்கு வார்டுக்கு வந்த பாஞ்சாலி உட்காரவில்லை.

“நாலு வருஷம் ஏன் சொல்லல?”

“என்னம்மா?”

“பதினொன்னு நாப்பதுக்கு நீதானே வெளிய வந்து என் பக்கத்துல குந்துன? பச்சை கவுனோட. நான்தான் கயித்தை விட்டேன்னு அழுதியே.”

அவள் நிறுத்தவில்லை.

“விழுந்தப்புறமும் கால் மணி நேரம் உசுரு இருந்துச்சாம். உன் பேரைத்தான் கூப்டுக்கினே இருந்தாராம். இதெல்லாம் சொல்லிட்டு இப்ப முழிக்கிற. செத்தவரைப் போயி நான் எவ்ளோ திட்டினேன்...”

போய்விட்டாள். அதன் பிறகு வரவே இல்லை.

கயிற்றை விட்டது எனக்குத் தெரியும். கால் மணி நேரம் உயிர் இருந்தது எனக்குத் தெரியாது. நான் இறங்கவே இல்லை. மொட்டை மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கியபோது சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். விழுந்ததுமே போய்விட்டான் என்றார்கள்.

பத்து நாள் கழித்து மேஸ்திரி அர்ஜுனனைச் சிவாஜிநகர் டீக்கடையில் பிடித்துக் கேட்டேன். அன்றைக்கு அவனிடம் முதலில் ஓடியது அவர் ஒருவர்தான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

“உசுரு இருந்துச்சு. வண்டி கிடைக்கல. கேஸ் ஆயிடும்னு, விழுந்ததுமே போயிட்டான்னு சொல்லிட்டேன். என் பொண்டாட்டிக்கே தெரியாது. உனக்கு யாருய்யா சொன்னது?”

“என் பேரைச் சொன்னானா?” என்றேன்.

“அதையேதான் சொல்லிக்கினு இருந்தான். ‘வின்சென்ட் அண்ணனுக்கு மறுபடி மயக்கம் வந்திருக்கும், மேல போய்ப் பாருங்க’ன்னு.”

மறுபடி என்று சொல்லியிருக்கிறான்.

அப்படியானால் அவனுக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்தும் அன்றைக்குக் காலை கயிறு பிடிக்க என்னைத்தான் கேட்டான்.