கோடு போடாதே, பரப்பு

தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு நீல மெழுகுக் கட்டி என்னிடம் இருக்கிறது. படம் வரையும் வண்ணக் கட்டி. சித்தப்பா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. சுத்தமான தேன்மெழுகு என்று அவர் பெருமைப்பட்டதால் அன்றைக்குத் தெருவே அதை வாங்கி மோந்து பார்த்தது. போன வாரம் பீரோவைக் குடைந்த என் மகள் அதை எடுத்து, “ஏம்மா இது ஒரு பக்கம் மட்டும் இப்படித் தேஞ்சிருக்கு?” என்று கேட்டாள். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று முழுக்க சித்தப்பாவை நினைத்து எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

ஆரணியில் ஒரு தனியார் பள்ளியில் அவர் ஆங்கில வாத்தியார். நெசவாளர் வீட்டில் பிறந்தும் தறியில் உட்காராத ஒரே ஆண்பிள்ளை, ஏனென்றால் அவர் படிக்கிற பிள்ளை. தொண்ணூறுகளின் கடைசியில், பட்டு பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு இரண்டு நாள் மொழிபெயர்க்கப் போனார். மூன்றாம் நாள் பாஸ்போர்ட்டுக்கு ஃபாரம் வாங்கிவிட்டார். பாடப்புத்தகம், பரீட்சை எதுவும் இல்லாத மாற்றுப் பள்ளிக்கு ஆசிரியராவதற்கு ஜெர்மனியில் இரண்டு வருடப் படிப்பாம், செலவெல்லாம் அவர்களுடையதாம். “இன்னாத்துக்குப் படிக்கப் போறாரு, டாக்டருக்கா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் சித்தி தறியை நிறுத்தாமலே, “ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாருக்கு” என்று பதில் சொல்வாள். அந்த இரண்டு வருடமும் வீடு அவள் நெய்த புடவைகளில்தான் ஓடியது.

திரும்பி வந்தவர் ஆரணி வெயிலில் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தார். என்னவெல்லாம் படித்தாய் என்று அப்பா கேட்டார். களிமண் பிசைய, ஈரத்தாளில் வண்ணம் விட, ஊசியால் கம்பளி பின்ன, அப்புறம் நெய்ய. ஆமாம், நெய்யத்தான். ஆரணியில் பிறந்த மனிதர் விமானம் ஏறிப் போய் நெசவு கற்றுக்கொண்டு வந்தார்! மறுநாள் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த சித்தியின் பக்கத்தில் போய் நின்று, “நெய்யும்போது மனுஷனுக்கு மன உறுதி வளருது, தெரியுமா உனக்கு?” என்றார். சித்தி நிமிராமல், “அப்படியா, வளரட்டும். அந்த ஜரிகைய இப்படிக் குடுங்க” என்றாள்.

வீட்டின் முன்பாதியிலேயே பள்ளியைத் தொடங்கினார். நான் அப்போதுதான் எட்டாவது முடித்திருந்தேன், கணக்கில் வகுப்பிலேயே முதல். ஒன்பதாவதில் சேர்க்க வேண்டிய என்னை அப்பா அங்கே கொண்டுபோய் விட்டார். “என் தம்பி ஃபாரின்ல படிச்சிட்டு வந்துகிறான், அவனுக்குத் தெரியாதா?” என்பதுதான் அவருடைய கணக்கு. மொத்தம் பன்னிரண்டு பிள்ளைகள், அதில் நான்தான் பெரியவள். காலையில் மெழுகுவத்தி ஏற்றிப் பாட்டுப் பாடுவோம். பிறகு வண்ணம். பென்சில் தொடக்கூடாது. யாராவது கட்டியின் முனையால் ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும், பின்னால் வந்து நிற்பார். “கோடு போடாதம்மா, பரப்பு. கோடு மூளைக்கு. பரப்புறது மனசுக்கு.” இரண்டு வருடம் பரப்பினேன். சூரியன், பசுமாடு, நான் கண்ணால் பார்த்திராத கடல் என்று எல்லாவற்றையும் பரப்பினேன்.

கைவேலை வகுப்பு அதைவிடக் கூத்து. அட்டையில் பல்லு பல்லாக வெட்டி, அதில் கம்பளி நூலைக் கோத்து நெய்யச் சொன்னார். விடியற்காலையில் வீட்டுத் தறியில் பழைய பாவின் நீள இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்து இணைத்துவிட்டு வரும் பிள்ளைகளிடம்! பெரணமல்லூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பெண் ஐந்தே நிமிடத்தில் முடித்து, “சார், அடுத்தது?” என்றாள். “ஜல்தி பண்ணாதம்மா, அனுபவிச்சுப் பண்ணு” என்று பிரித்து மறுபடி கொடுத்தார். அவள் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. புத்திசாலி.

என் பழைய தோழிகள் பத்தாவது ஹால்டிக்கெட் வாங்கிய அன்று, நான் எப்போது எழுதுவது என்று அவரிடம் கேட்டேன். எனக்குக் கணக்கு டீச்சராக வேண்டும், அதற்குப் பத்தாவது வேண்டும், அவருடைய பள்ளிக்கோ அங்கீகாரமே கிடையாது. “மார்க்குல இன்னாம்மா கீது? நீ முழு மனுஷியா வளரணும்” என்று சிரித்தார். பி.ஏ., பி.எட். என்று தன் பெயருக்குப் பின்னால் போர்டில் எழுதி வைத்திருந்த மனிதர்!

அந்தச் சமயத்தில்தான் அவருடைய ஜெர்மனிக் கல்லூரியிலிருந்து இரண்டு அம்மாள்கள் பள்ளியைப் பார்க்க வந்தார்கள். அட்டைத் தறிகளைப் படம் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, சித்தி நெய்துகொண்டிருந்த முகூர்த்தப் புடவையைப் பார்த்து வாய்பிளந்து நின்றார்கள். இவர் யார் என்று ஒருத்தி கேட்டதற்குச் சித்தப்பா, “என் மனைவி, பாவம், கல்வி இல்லாதவள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் புரிந்தது. அந்த ஆங்கிலத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், ஜெர்மனிக்குப் போகும் முன்பு, புத்தகம் வைத்து.

அவர்கள் போன பிறகு, “என்னைக் காட்டி இன்னாடி சொன்னாரு?” என்று சித்தி கேட்டாள். சொன்னேன். தறியில் அறுந்திருந்த ஓர் இழையை முடிந்தாள். பிறகு, “நானும் எட்டாவது பாஸுதான். பத்தாவதுக்கு ஃபாரம் வாங்கு. ரெண்டு பேருக்கும்” என்றாள்.

தனித்தேர்வராக எழுத ஒரு வருடம் படித்தோம். நான் தறிப்பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன், அவள் நெய்துகொண்டே கேட்பாள். முன்கட்டில் சித்தப்பா பிள்ளைகளுக்குக் கடல் பரப்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பார். ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பாஸானோம். கணக்கில் சித்திக்கு என்னைவிட நான்கு மார்க் கூட.

முடிவு வந்த மறுநாள், “இது ஜெர்மனி காலேஜுக்கு அனுப்புற கடிதம். சுத்தி அழகா ஒரு பார்டர் பண்ணிக் குடும்மா” என்று ஒரு தாளை நீட்டினார். படித்தேன். தன் கல்விமுறையின் முதல் கனிகள் என்று எங்கள் இருவரையும் எழுதியிருந்தார். பரீட்சையின் நெருக்கடி இல்லாமல் வளர்ந்ததால்தான் பரீட்சையை வென்றார்களாம். சித்தியை “என் மூத்த மாணவி” என்று வேறு குறிப்பிட்டிருந்தார். என்ன நெஞ்சழுத்தம்!

அதுவரை தொடாமல் பத்திரமாக வைத்திருந்த நீலக் கட்டியை எடுத்தேன். அவர் சொல்லிக்கொடுத்தபடியே படுக்கவைத்துப் பிடித்து, ஒரே சீராக அழுத்தி, மேலிருந்து கீழ்வரை தேய்த்தேன். ஒரு எழுத்து மிச்சமில்லாமல் தாள் முழுக்கக் கடலானது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“இன்னாம்மா இது?” என்றார்.

“கோடு போடல சித்தப்பா. பரப்பியிருக்கேன்.”

பின்கட்டில் தறிச் சத்தம் நின்றது. சித்தி சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் வேறு தாளில் அதையே எழுதி அனுப்பியிருப்பார், சந்தேகமில்லை. இப்போது சென்னை மேடைகளில் அவர் கல்வியாளர், சால்வை எல்லாம் போடுகிறார்கள். நான் செய்யாறில் கணக்கு டீச்சர். பென்சிலும் ஸ்கேலும் கொடுத்துக் கோடுதான் போடச் சொல்கிறேன். அன்று சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்து, காலையில் கேட்டதையே திரும்பக் கேட்டாள். ஒரே ஒரு தாளுக்குத் தேய்ந்தது என்றேன். அவள் நம்பவில்லை.