கடைசி மாணவன் தேறும்வரை ஷாஜகான் சார்

அரியலூர் பேருந்து நிலையத்தில் ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது நஸ்ரினிடமிருந்து அழைப்பு வந்தது. ஷாஜகான் சாரின் மகள்.

"மேடம், அத்தா மவுத்தாயிட்டாங்க. விடியக்காலைல பஜ்ரு தொழுதுட்டு, கொஞ்சம் சாஞ்சுக்கறேன்னாங்க. அம்மா டீ எடுத்துட்டுப் போயி எழுப்புனாங்க. எந்திரிக்கல."

"கஷ்டப்பட்டாங்களாம்மா?"

"இல்ல மேடம். தலகாணியெல்லாம் எடுத்து ஓரமா வச்சுட்டு மல்லாந்து படுத்திருந்தாங்க. அப்படிப் படுத்து ரொம்ப நாளாச்சு."

நுரையீரல் நோய் வந்த பிறகு சார் உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, மூக்கில் குழாயோடு சுவரில் சாய்ந்திருப்பார். அவரைப் பார்த்துவிட்டு வரும் நாளெல்லாம் எனக்கு மூச்சு முட்டும். அதனால் செய்தியைக் கேட்டதும் முதலில் மனதில் வந்தது நிம்மதிதான். அழுகை பிறகு, பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பின்புதான் வந்தது. சாரை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவர் சீக்கிரம் போய்விட்டாரே என்று யாரும் வருந்தலாம். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார் என்று மட்டும் ஒருவரும் சொல்ல முடியாது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, மக்காச்சோளக் காடுகளுக்கு மத்தியில் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் சார் மின்னியல் துறைத் தலைவர். நான் கணித ஆசிரியை. வளைகுடாவில் ஓர் எண்ணெய் ஆலையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பி, பாடம் நடத்த வந்தவர். அப்போது நான்கு திசையிலிருந்தும் எங்கள் கல்லூரிப் பேருந்துகள் நிரம்பி வரும். ஊருக்கு ஒரு பொறியாளர் என்பது போய், தெருவுக்கு ஒருவர் உருவாகிக்கொண்டிருந்த காலம்.

அந்தச் செழிப்பான நாட்களில் ஆய்வுக் குழு வந்தது. ஆசிரியர் எண்ணிக்கையைச் சரிகட்ட, அன்றைக்கு மட்டும் வெளியாட்களைக் கோட்டு மாட்டி உட்கார வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. எங்களிடமும் இருந்தது. சாரின் துறையில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தார். குழுவில் வந்த பேராசிரியர் அவரைக் காட்டி, "இவர் என்ன பாடம் எடுக்கிறார்?" என்று சாரிடம் கேட்டார்.

சார் சாதாரணமாகச் சொன்னார்: "இன்னைக்குத்தாங்க வந்திருக்காரு. நாளைக்கு வருவாரான்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

அடுத்த ஆண்டு அந்தத் துறைக்கு இடங்களைக் குறைத்துவிட்டார்கள். தாளாளர் சாரோடு பல மாதம் பேசவில்லை. எங்களுக்கும் கோபம்தான். வேலை போய்விடுமோ என்ற பயம். ஆசிரியர் அறையில் நானே கேட்டேன், "எதுக்கு சார் இந்த வம்பு?" என்று. "ஆள் இல்லேன்னு தெரிஞ்சாத்தானே மேடம் ஆள் போடுவாங்க. கோட்டுப் போட்டவரு போயிடுவாரு. நாளைக்கு கிளாசுக்கு யாரு போறது?" என்றார். அவர் சொன்னபடியே, வேறு வழியில்லாமல், அந்தக் கோடை விடுமுறைக்குப் பிறகு இரண்டு ஆசிரியர்களை உண்மையிலேயே வேலைக்கு எடுத்தார்கள்.

ஆனால் காலம் மாறியது. படித்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்ற பேச்சு கிராமம் கிராமமாகப் பரவியது. கலந்தாய்வில் எங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைந்தார்கள். பேருந்துகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு நாள் தாளாளர் எங்களைக் கூட்டி, கல்லூரியை அந்த ஆண்டோடு மூடப்போவதாகச் சொன்னார். கீழ் வகுப்புகளில் யாருமில்லை, மூன்றாமாண்டு முடிக்கும் பிள்ளைகள் கடைசி ஆண்டைச் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள வேறொரு கல்லூரியில் படிக்கலாம், அங்கே விடுதி இருக்கிறது, பேசியாகிவிட்டது என்றார்.

"எத்தனை பேரு போவாங்கன்னு கேட்டீங்களா?" என்றார் சார்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சு சார்."

"சொன்னது சரிங்க. கேட்டீங்களா?"

தாளாளர் கூட்டத்தை முடித்துக்கொண்டார். அந்த வாரமே சார் வீடுவீடாகக் கிளம்பினார். மாணவிகளின் வீட்டுக்குப் போகும்போது நானும் வந்தால் நல்லது என்று என்னையும் அழைத்துக்கொண்டார்.

பூலாம்பாடியில் கௌசல்யாவின் வீட்டுக்குப் போனதை இன்றும் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிற பெண். அவளுடைய அப்பா பெரியசாமி வாசலில் சின்ன வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டை உதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மோர் வந்தது. பிறகு அவரே ஆரம்பித்தார்.

"மெட்ராசுக்கெல்லாம் அனுப்ப முடியாதுங்க சார். தெனம் வூட்டுலேர்ந்து போயிட்டு வருதுன்னுதான் சேத்தோம். படிச்ச மட்டும் போதும். மாப்ள பாக்க ஆரம்பிச்சிட்டோம்."

கதவுக்குப் பின்னாலிருந்து கௌசல்யா, "இன்னும் ஒரு வருசந்தானப்பா," என்றாள். "மூணு வருசம் படிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லிக்க முடியாதுப்பா. அதுக்குப் பேரே கிடையாது."

சார் மோரைக் கீழே வைத்தார். "நான் மெட்ராசுக்கு அனுப்பச் சொல்லி வரலைங்க. இங்கயே முடிக்கலாம்னா அனுப்புவீங்களான்னு கேக்க வந்தேன்."

"காலேஜையே மூடறாங்கங்கறீங்களே."

"மூடட்டுங்க. புள்ளைங்க முடிச்ச பின்னாடி மூடட்டும்."

பெரியசாமி யோசித்தார். "நீங்க வாக்கு குடுங்க. அனுப்பறேன்."

சார் இல்லையென்று தலையை ஆட்டினார். "வாக்கு குடுக்க என்கிட்ட காலேஜ் இல்லங்க. முயற்சி பண்றேன். இன்ஷா அல்லாஹ் நடக்கும். அதுவரைக்கும் மாப்ள வூட்டுக்கு மட்டும் பதில் சொல்லிடாதீங்க."

திரும்பி வரும்போது சார், வேப்பந்தட்டை தாண்டியதும், "வாக்கு குடுத்திருக்கலாமோ மேடம்? அந்தப் புள்ள நிம்மதியா தூங்கியிருக்கும்," என்றார்.

ஒரு கல்லூரியை ஒரேயடியாக மூடலாம். அல்லது புதிதாக யாரையும் சேர்க்காமல், இருப்பவர்கள் படித்து முடிக்கும்வரை நடத்திவிட்டு மூடலாம். இரண்டுக்கும் விதியில் இடமுண்டு. முதலாவது நிர்வாகத்துக்குச் சுலபம். இரண்டாவதுதான் பிள்ளைகளுக்கு நல்லது. பல்கலைக்கழகம் எதற்குச் சம்மதிக்கும் என்பதே கேள்வியாக இருந்தது. சார் பெற்றோரைத் திரட்டினார். கோஷம் கிடையாது, தட்டி கிடையாது. புளிசாதம் கட்டிக்கொண்டு, அரசுப் பேருந்தில் சென்னைக்குப் போனோம். அவர்களில் பாதிப்பேர் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான்.

அதிகாரி எங்களைப் பார்த்துத் திகைத்தார். பிரச்சினை பண்ண வந்த கூட்டம் என்று நினைத்திருப்பார். "இவ்வளவு பேர் எதுக்கு வந்தீங்க?" என்றார்.

சார் பேசுவார் என்று எல்லோரும் பார்த்தோம். அவர் பெரியசாமியைப் பார்த்தார். பெரியசாமி எழுந்து, "எங்க புள்ளைங்க அடுத்த வருசம் எங்க உக்காந்து படிக்கும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோங்க. வேற ஒண்ணுமில்ல," என்றார்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். கோப்பை வரவழைத்துப் படித்தார். பெற்றோர்களின் சம்மதம் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. "சம்மதிச்சீங்களா?" என்று அவர்களிடமே கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். அவர் பேனாவை மூடி வைத்தார். "மாணவர்கள் முடிக்கிறவரைக்கும் நடத்தணும்னு உத்தரவு அனுப்பறோம். நீங்க ஊருக்குப் போங்க," என்றார். வெளியே வந்ததும் சார் ஒரு மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கால் வலிக்கிறது என்றார். அவர் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தால் கால் வலி மாதிரித் தெரியவில்லை. அன்று திரும்பும்போது பேருந்தில் அத்தனை பேரும் தூங்கினார்கள். சார் மட்டும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்தக் கடைசி ஆண்டு விசித்திரமாக இருந்தது. பெரிய கட்டடம், கொஞ்சம் பிள்ளைகள். கேன்டீன் மூடிவிட்டதால் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். தாளாளரே சில நாள் வந்து கூட உட்கார்ந்தார். ஒரு முறை, "நீங்க புடிவாதம் புடிச்சது நல்லதுதான் சார். இல்லேன்னா கடைவீதியில என்னால தலைநிமிந்து நடந்திருக்க முடியாது," என்றார். சார் தன் டப்பாவிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. கௌசல்யா முதல் வகுப்பில் தேறினாள். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறாள். கல்யாணமும் அவள் சொன்ன காலத்தில்தான் நடந்தது.

ஆனால் சகாயராஜ் தேறவில்லை. ஏலாக்குறிச்சிப் பையன். மூன்றாம் பருவக் கணக்கும் ஒரு செய்முறைத் தேர்வும் அவனுக்கு நிலுவையில் இருந்தன. கல்லூரி பூட்டப்பட்டுவிட்டது. ஆய்வகக் கருவிகள் போய்விட்டன. இல்லாத கல்லூரியின் மாணவன் எங்கே போய்ச் செய்முறைத் தேர்வு எழுதுவான்? அவன் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். "விட்டுருங்க சார், இதுவே போதும்," என்றான்.

சார் விடவில்லை. அப்போதே அவருக்கு மூச்சிரைப்பு ஆரம்பித்திருந்தது. இருந்தும் வேறொரு கல்லூரியின் முதல்வரைப் பார்த்துப் பேசி, செய்முறைத் தேர்வுக்கு அங்கே இடம் வாங்கினார். முதல் முயற்சியிலேயே அதில் அவன் தேறிவிட்டான். கணக்கை என் தலையில் கட்டினார். அதற்குள் சகாயராஜுக்குக் கல்யாணமாகி ஒரு மகளும் பிறந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மனைவி மகளைப் பஸ் ஏற்றிவிட்டு, சகாயராஜ் அரியலூரில் என் வீட்டுக்கு வருவான். ஆலைத் தூசி படிந்த கையோடு ஃபூரியர் தொடர் போடுவான். மூன்று தடவை தோற்றான். ஒவ்வொரு தடவையும் சார் போனில் என்னைத்தான் விசாரிப்பார். "நம்ம ஆளு என்ன சொல்றாரு மேடம்?" என்பார். நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவார். "அவன் மக்கு இல்ல. அலுத்துப் போயிருக்கான். அலுப்புக்கு மார்க் குறைக்கலாம், ஃபெயில் போடக்கூடாது."

போன மாதம் முடிவு வந்தது. சகாயராஜ் எனக்குச் சொல்வதற்கு முன்பே பைக்கை எடுத்துக்கொண்டு லப்பைக்குடிக்காட்டுக்குப் போய்விட்டான். அங்கிருந்துதான் என்னைக் கூப்பிட்டான். தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண், அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. பேச முடியாமல் போனைச் சாரிடம் கொடுத்துவிட்டான்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் சார். இழுத்து மூச்சு விட்டார். "மேடம், இப்பத்தான் நம்ம காலேஜ மூடியிருக்கோம்."

அடக்கத்துக்குப் போனபோது பள்ளிவாசலுக்கு வெளியே, வெள்ளாற்றுப் பக்கமாகப் பழைய மாணவர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். சகாயராஜ் ஜனாஸாப் பெட்டிக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்து ஓரமாக நின்றான். பெரியசாமி பூலாம்பாடியிலிருந்து வந்திருந்தார். "சங்கடமில்லாம போயிட்டாருங்க. அது போதும்," என்றார். அங்கே நின்ற எல்லோருடைய முகத்திலும் அதுதான் இருந்தது. நஸ்ரினின் அம்மா வீட்டுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பையன் பாஸான அன்னைக்கு என்னைய சேமியா பாயசம் காய்ச்சச் சொன்னாங்க. அவங்களால குடிக்க முடியல. எல்லாரும் குடிக்கறதப் பாத்துக்கிட்டு இருந்தாங்க," என்றார்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று யோசித்தேன். ஒரு கேள்வி. கல்லூரி மூடியபின் ஒருமுறை திருச்சியில் உயர்கல்விச் சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நாங்கள் இருவரும் போயிருந்தோம். பட்டப்படிப்பை முழுதாக முடிக்க வேண்டியதில்லை, ஓராண்டோடு நின்றால் சான்றிதழ், இரண்டாண்டோடு நின்றால் பட்டயம், விரும்பும்போது திரும்பி வந்து தொடரலாம் என்று மேடையில் விளக்கினார்கள். படித்த அளவை வேறு கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்பது சாருக்குப் பிடித்திருந்தது. "இது அப்பவே இருந்திருந்தா நம்ம பாடு பாதி குறைஞ்சிருக்கும்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினார்.

"நல்ல யோசனைங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். பாதியில போற புள்ள எங்க போகுது? திரும்பி வர்றப்ப அந்தக் காலேஜ் அங்க இருக்குமா? எங்க காலேஜ் இப்ப இல்லீங்க. அதனால கேக்கறேன்."

குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

நான் இப்போது பணிபுரியும் அரசுக் கல்லூரியில், சேர்க்கை குறைந்ததால் தமிழ்வழிக் கணிதப் பிரிவை ஆங்கிலவழியோடு சேர்த்துவிடலாமா என்று போன வாரம் ஒரு கூட்டம் நடந்தது. காரணங்கள் எல்லாம் நியாயமாகவே இருந்தன. எல்லோரும் பேசி முடித்தபின் நான் எழுந்தேன். "அந்தப் புள்ளைங்க எங்க போவாங்கன்னு கேட்டோமா?" என்றேன். முதல்வர், "கேக்கலைதான்," என்றார். கேட்டுவிட்டு முடிவு செய்வது என்று ஒத்திவைத்தார்கள். திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் அந்த வகுப்புக்குப் போகிறேன்.