ஞாயிற்றுக்கிழமை மட்டும் உடைகிற படம்

எங்கள் வீட்டு செட்டாப் பாக்ஸுக்குத் திங்கள் முதல் சனி வரை ஒரு நோயும் கிடையாது. சீரியல் வரும், கிரிக்கெட் வரும், சமையல் சொல்லித் தருகிறவள் கடுகு தாளிக்கிற சத்தம்கூடத் தெளிவாக வரும். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை ஆரம்பித்தால் போதும், சனியனுக்குக் கேடு வந்துவிடும். சாமியாரின் முகம் கட்டம் கட்டமாக உடையும். தூக்கிய கை தூக்கியபடியே நிற்கும். பாட்டு விக்கி விக்கி வரும். அப்புறம் சிக்னல் இல்லை என்று ஒரு நீலத் திரை.

மற்ற யாருக்கும் இது பெரிய விஷயமில்லை. அம்மாவுக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை. என் தங்கை கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். அவள் இருக்கிற கடத்தூர்க் கோயிலிலிருந்துதான் அந்தப் பூசையை நேரடியாகக் காட்டுகிறார்கள். பாடற்குழுவில் அவள் நிற்பாள். கேமரா அந்தப் பக்கம் திரும்புகிற சில நொடிகள்தான் அம்மா தன் மகளைப் பார்க்கிற நேரம். மடத்தில் கைபேசிக்கு அனுமதியில்லை, பண்டிகைக்குத்தான் அவள் பேசுவாள். அம்மாவுக்கோ முட்டி தேய்ந்து கடத்தூருக்கு பஸ் ஏறக்கூட முடியாது. அந்தச் சில நொடிகளுக்காக விடியும் முன்பே குளித்து, நல்ல புடவை கட்டி, முக்காடு போட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மே மாதக் கடைசியிலிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் கட்டங்கள்.

நான் செய்யாத வைத்தியமில்லை. பாக்ஸை அணைத்துப் போட்டேன். கார்டை உருவி, லுங்கியில் துடைத்து, மறுபடி செருகினேன். பின்பக்க வயரையெல்லாம் பிடுங்கி மாட்டினேன். மண்டையில் ஒரு தட்டுத் தட்டியும் பார்த்தேன். கம்பெனிக்கு போன் போட்டால் பதிவு செய்த குரல் ஒன்று தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. படமே வரவில்லையென்றால் ஓர் எண், சத்தம் வரவில்லையென்றால் ஓர் எண். மற்ற நேரமெல்லாம் வருகிறது, பூசை நேரத்தில் மட்டும் வரவில்லை என்பதற்கு அவர்களிடம் எண் இல்லை. கடைசியில் மனிதக் குரல் ஒன்று கிடைத்தபோது அது, "உங்கள் பொறுமைக்கு நன்றி சார்" என்றது. எனக்கு எங்கே இருந்தது பொறுமை.

மெக்கானிக் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். டிவியைப் போட்டார். படம் கண்ணாடி மாதிரி நின்றது.

"நல்லாத்தானங்கண்ணா வருது?"

"இன்னிக்கு வரும். ஞாயித்துக்கெழம வராது."

"அது எப்பிடிங்க, டிஷ்ஷுக்குக் கெழம தெரியுமா?"

சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்றால் அன்றைக்கு லீவு என்றார். வயர் முனையை வெட்டிப் புதிதாக மாட்டிவிட்டு, "வத்தல்மல பக்கம் மோடம் போட்டாலே இப்பிடித்தாங்க" என்று வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். மேகம் என்ன, என் வீட்டுப் பூசைக்கு நேரம் பார்த்தா வருகிறது?

அடுத்த ஞாயிறும் அதே கதைதான். முதல் பாட்டிலேயே திரை நொறுங்கியது. பிரசங்கம் முடிகிறவரை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு நான் ரிமோட்டைக் கட்டிலில் வீசினேன்.

"வுடு கண்ணு," என்றாள் அம்மா. "பாட்டு கேக்குதில்ல. அதுல அவ கொரலும் இருக்கும்."

அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்காகிவிட்டது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஒன்று அந்த டிஷ் சரியாக வேண்டும், இல்லை கழன்று தெருவில் விழ வேண்டும். கடைசிப் படியில் கால் வைத்ததும் சொட்டச் சொட்ட நனைந்த ஜமுக்காளம் ஒன்று முகத்தில் அறைந்தது.

எங்கள் தெருவுக்குப் பைப் தண்ணீர் முறை ஞாயிறு விடியற்காலை. வாரம் முழுக்கச் சேர்ந்த போர்வை, ஜமுக்காளம், தலையணை உறை எல்லாம் அன்றைக்குத்தான் அலசுவார்கள். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெருவுக்கே அப்படித்தான். துணிக்கொடி முன்பு வாசல் முருங்கை மரத்தில் கட்டியிருந்தது. மே மாதக் காற்றில் அந்த மரம் சாய்ந்துவிட்டது. கயிறு இப்போது தண்ணீர்த் தொட்டியிலிருந்து டிஷ் கம்பத்துக்குப் போயிருந்தது. ஈர ஜமுக்காளங்களின் கனத்தில் டிஷ் தலையைத் தொங்கப் போட்டு எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மதியம் துணி காய்ந்து கனம் போனால் அது தானாக நிமிர்ந்துகொள்ளும். திங்கட்கிழமை படம் வராமல் என்ன செய்யும்?

முடிச்சை அவிழ்த்தேன். அத்தனை துணியும் தரையில் விழுந்தது.

"வருதா?" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

"வருது, வருது," என்றாள் என் மனைவி ஜன்னலிலிருந்து. மேலே வந்து துணிகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "தொவச்சதெல்லாம் தரையில கெடக்குது. என்னா பண்றீங்க?"

"கவுத்தப் போயி டிஷ்ஷுலயா கட்டுவ?"

"மரந்தான் வுழுந்துடுச்சி. அந்தக் கம்பத்துல கட்டாம உங்க கழுத்துலயா கட்டறது?"

டிவியில், சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்குகிற நேரத்துப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. கீழே ஓடினேன்.

திரையில் ஒரு கீறல் இல்லை. மெழுகுவர்த்தியின் நுனி ஆடுவதுகூடத் தெரிந்தது. கேமரா மெதுவாகப் பாடற்குழுப் பக்கம் திரும்பியது. அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு முகமாகத் தெளிவாகக் கடந்து போனது. என் தங்கை நிற்கிற இடத்தில் சின்ன வயசு சிஸ்டர் ஒருவர் நின்று பாடிக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டிலும் காட்டினார்கள். அப்போதும் அவள் இல்லை.

நான் வாசலுக்கு வந்து மடத்துக்கு போன் போட்டேன். தங்கையைக் கேட்டதும் எடுத்த சிஸ்டருக்கு ஆச்சரியம்.

"அவங்கள ஜூன்லயே வடக்க மாத்திட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன்.

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரொம்ப அழுதாங்க. டிவியில காணோம்னா அம்மாவே போன் பண்ணிக் கேப்பாங்க, அப்ப சொல்லிக்கறேன்னு இருந்தாங்க. நீங்க யாருமே கூப்பிடலையே."

புது ஊர் மடத்தின் எண்ணை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். பூசை முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை.

"படம் இன்னும் சரியாவல கண்ணு," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூஞ்சிய மாத்தி மாத்திக் காட்டுது. அந்த ஆள மறுபடி வரச் சொல்லு."

"ஆமாம்மா," என்றேன். "பொட்டி சரியில்ல."