அம்மாவின் வரக்காப்பி

உங்கள் அத்தையின் மூக்குக்கண்ணாடி ஏன் அவ்வளவு தடிமன் என்று நேற்றுக் கேட்டீர்கள். அவளைச் சொல்லவிட்டால் சிரிப்புக் கதையாக்கிவிடுவாள். அதனால் நான் எழுதுகிறேன்.

எழுபதுகளில் நடந்தது. எனக்கு எட்டு வயது, அவளுக்கு நாலு. அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தார்கள். அம்மா உப்புச் சுமக்கும்போது தங்கச்சி பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பாள். அவள் கருமணியில் மெல்ல வெள்ளை விழுந்தது. நீட்டிய பொரி உருண்டையைத் தடவித்தான் வாங்கினாள்.

"உப்பு வெளிச்சம் குத்திடுச்சு. சூடு. பால் குடு, குளிர்ச்சி" என்றார்கள் எல்லோரும். வீட்டு ஆட்டின் பால் முழுக்க அவளுக்கே போனது. வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். "கண்ணு தெரியணுமா வேணாவா? குடிடி" என்பாள் அம்மா. வெள்ளைதான் கெட்டியானது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். பஸ்ஸில் நின்று, வரிசையில் நின்று, அம்மா சுவரில் சாய்ந்தால் அப்படியே தூங்கிவிடுவாள். கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: "உப்பு ஒண்ணும் பண்ணலைம்மா. இது எங்கேயோ ஒருத்தருக்கு வர்ற நோய். பால்ல இருக்குற சர்க்கரை இவ ஒடம்புக்கு ஒத்துக்கல. அதுதான் கண்ணுல வெள்ளையாவுது. ஆபரேஷன்ல எடுத்துடலாம். இனிமே ஒரு சொட்டுப் பால் கூடாது."

"நான்தாங்க குடுத்தேன், வேணான்னு அழ அழ."

"தெரியாமத்தானேம்மா."

அந்த வாரம் தவக்காலம் தொடங்கியது. ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் ஆளுக்கொன்றை விட்டுவிடுவோம். அப்பா பீடியை விட்டார், நான் பொரி உருண்டையை. அம்மா பாலை விட்டுவிட்டு, பாலில்லாத வரக்காப்பி குடித்தாள்.

முதலில் ஒரு கண், பிறகு மற்றொன்று. ஈஸ்டர் ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. கண்ணாடி போட்டுத் திரும்பிய அன்று, பஸ் ஜன்னலில் தங்கச்சி கத்தினாள்.

"அண்ணே, அது இன்னா வெள்ளையா, மலையாட்டம்?"

"உப்புடி. அப்பா வாருற உப்பு."

"ஐயே, இவ்ளோவா? அப்ப ஏன் அம்மா கஞ்சில உப்பே போட மாட்டேங்குது?"

பஸ்ஸே சிரித்தது. அம்மா மட்டும் அவள் கண்ணாடியை வாங்கி, முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை எனக்கும் அப்பாவுக்கும் பால் காப்பி. தங்கச்சிக்கு நீராகாரம். அம்மாவுக்கு அதே வரக்காப்பி.

"ஈஸ்டர்தான் போயிடுச்சேம்மா?"

"ஒனக்கு முடிஞ்சிடுச்சுடா. குடி."

அலைச்சலில் அம்மாவுக்கு நாள் மறந்துவிட்டது என்று நினைத்தேன். சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி வந்து, ஈஸ்டர் நாளைத் தொட்டுக் காட்டினேன். அம்மா பார்த்தாள். அதை வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, உட்கார்ந்து, வரக்காப்பியைக் குடித்தாள்.