ரேடியோவும் மணப்பெண்ணின் முகமும்

கொழும்பு வெள்ளவத்தையில், வீட்டு முன்னறையில் பழைய பெட்டி மொனிட்டர் ஒன்றை வைத்துக் கல்யாணப் படங்கள் திருத்திக் கொடுக்கிறேன். நாடு இருக்கிற நிலையில் செய்தி தவறக் கூடாதென்று, ரேடியோ எந்நேரமும் மொனிட்டரை ஒட்டியே இருக்கும்.

போன மாதம் புதுமணப்பெண் சுதா, நான் கொடுத்த படத்தோடு திரும்பி வந்தாள். படத்தில் முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

“அண்ணை, சண்டையால பாதை பூட்டினதால அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து கல்யாணத்துக்கு வரேல்லை. அவ பார்க்கப்போறது இந்தப் படம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டெல்லோ அழுவா!”

திரையில் திறந்து பார்த்தேன். அங்கே முகம் அழகாகத்தான் இருந்தது. திருத்தும்போது திரையில் முகம் பச்சையடித்ததால் சிவப்பைக் கூட்டியதும் நானேதான்.

அந்நேரம் செய்தி தொடங்கியது. பாதை திறக்குமா என்று கேட்க, சுதா ரேடியோவைத் தூக்கிக் காதோடு வைத்தாள். உடனே திரையிலும் முகம் சிவந்துவிட்டது!

“ஐயோ தங்கச்சி, எல்லாம் ரேடியோ ஸ்பீக்கர்ல இருக்கிற காந்தம் செய்த வேலை. பச்சை திரையிலதான், உங்கட முகத்தில இல்லை. அதை நம்பி நான்தான் சிவப்பைக் கூட்டிட்டன்.”

பாதை திறக்கவில்லை. படத்தைத் திருத்திப் புதிதாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

“இப்பதான் அம்மாட பிள்ளை மாதிரி இருக்கிறன்” என்றாள்.

இப்போதெல்லாம் முதலில் சின்னதாக ஒரு பிரிண்ட் எடுத்துத் திரையோடு பிடித்துப் பார்க்கிறேன். கூடுதல் செலவு அவ்வளவுதான். ரேடியோ குசினிக்கு, அடுப்புப் பக்கம் போய்விட்டது. செய்தியை அங்கே நின்று கேட்கிறேன். பிள்ளைகளின் முகங்களுக்குப் பக்கத்தில் அதை வைப்பதில்லை.