எல்லோர் போனிலும் திறந்த கிணறு

எழுமலைப் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்ட அளவுகளை, என் ஆய்வுக்காக இணையத்தில் போட்டிருந்தேன். ஒன்றும் புரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதனால் இன்று காலை, கிணறுகளுக்கு நான் இட்டிருந்த குறியீட்டு எண்களை எடுத்துவிட்டு, ஊர் வழக்கப்படியே உரிமையாளர் பெயரில் கிணறுகளைக் குறித்து, போனிலேயே திறக்கும் எக்செல் ஃபைலாக மாற்றி மறுபடி போட்டேன்.

மதியம் ஒரு விவசாயி கூப்பிட்டார். தன் கிணற்றில் என்னை அளவெடுக்க விட்டவர்.

"தம்பி, ஃபைலு அருமையாத் தெறக்குது."

"சந்தோசம்ணே!"

"என்னத்த சந்தோசம்? கெணறு வத்திப்போச்சுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரன்ட்ட சொல்லி வச்சிருந்தேன். எம்புட்டுத் தண்ணி கெடக்குன்னு இப்ப அவன் போன்லயே காட்டுறான். ஓஸ் பைப்பைத் தூக்கிட்டு வாரான்!"

பெயர்களை உடனே நீக்கிவிட்டேன். ஆனால் ஃபைல் அதற்குள் ஊர் வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது.

என் ஆய்வை யாருமே படிப்பதில்லை என்று இனிப் புலம்ப மாட்டேன். அடுத்த அளவெடுப்புக்கு எழுமலைப் பக்கம் எந்த முகத்தோடு போவது? அதை மட்டும் சொல்லுங்கள்.