முதல் வெடியின் விசை

எங்கள் வீட்டில் ஜெர்மன்காரனுக்குத்தான் மரியாதை. அது என் கணவர் வாங்கிய பழைய பிஸ்டல். ஜெர்மனியில் யாரோ பொலிஸ்காரரின் இடுப்பில் நெடுங்காலம் இருந்து, புதிது வந்ததும் கழித்துவிடப்பட்டு, கப்பலேறி மொன்றியலுக்கு வந்தது. கொண்டுவந்த அன்று அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த பார்வையை எங்கள் கலியாண வீடியோவில்கூட நான் கண்டதில்லை. அதோடு சேர்த்து மலிவாகக் கிடைத்தது என்று செக் நாட்டுப் பிஸ்டல் ஒன்றையும் வாங்கியிருந்தார். அதன் பிடியில் ஒரு கீறல். அதைக் கையில் எடுக்கக்கூட இல்லை.

துவக்கைக் கண்டால் வேலி பாய்ந்து ஓடி வளர்ந்த யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இதென்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஊரில் துவக்கு எப்போதும் அடுத்தவன் கையில் இருந்தது, எங்களைப் பார்த்தபடி இருந்தது. டோர்வல் விமான நிலையத்தில் தன்னோடு வேலை செய்த என் கணவரை ஒருவர் லொங்குய்ய் பக்கம் இருந்த சுடுகளத்துக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போய்க் காருக்குள் இருந்தேன். தை மாதக் குளிரில் எவ்வளவு நேரம் காருக்குள் இருப்பது? உள்ளே போனேன். பிறகு வகுப்புக்குப் போனேன், சோதனை எழுதினேன், என் பெயரிலேயே அனுமதி எடுத்தேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இந்த வகைப் பழைய பிஸ்டல்களில் முதல் வெடிக்கு ஒரு விசேஷம் உண்டு. பின்பக்கம் சிறிய சுத்தியல் ஒன்று இருக்கும். அது படுத்திருக்கும்போது விசையை இழுத்தால், அதே இழுவையில் சுத்தியல் எழும்பிப் பின்னால் போய், விழுந்து வெடிக்கும். ஒரு விரல் இரண்டு வேலை பார்க்கிறபடியால் இழுவை நீளம், பாரமும் கூட. முதல் வெடிக்குப் பிறகு சுத்தியல் தானாக எழும்பி நிற்கும். மிச்ச வெடிகளுக்கு விரல் பட்டாலே போதும். ஆகவே களத்தில் எல்லோரும் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். பெருவிரலால் சுத்தியலை முன்கூட்டியே எழுப்பிவிட்டால் முதல் வெடியும் இலேசாகிவிடும்.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் பழைய பிஸ்டல்களுக்கென்று ஒரு போட்டி வைத்தார்கள். முதல் வெடி மட்டும்தான் கணக்கு. சுட்டதும் சுத்தியலைப் படுக்கவைத்துவிட்டு மறுபடியும் முதல் வெடிதான். பெருவிரல் குறுக்குவழி கிடையாது. நானும் பெயர் கொடுத்தேன்.

களத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் வெள்ளைமீசைக் கியூபெக்காரர், நல்ல மனிதர். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, எனக்கு விளங்கவேண்டும் என்று பிரெஞ்சை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "மதாம், உங்கள் கை சிறியது. நீங்கள் மட்டும் பெருவிரலால் எழுப்பிக்கொள்ளலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்."

"நோன், மெர்சி" என்று மறுத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்பதுதான் என்னைச் சுட்டது.

திரும்பி வரும்போது பாலத்தில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. என் கணவர் தொடங்கினார்.

"உமக்கு ஏன் இந்த வீம்பு? அந்த மனுசன் நல்லதுக்குத்தானே சொன்னது."

"நல்லதுக்குத்தான் சொன்னவர். எனக்கு வேண்டாம்."

"அங்க வந்து ஏலாமப் போனால்?"

"ஏலாட்டி இனி அந்தப் பக்கமே வரமாட்டன். சலுகையில சுடுறதுக்கு நான் ஏன் வரவேணும்?"

வாய் தவறி வந்த வார்த்தை அல்ல அது. சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும். பின்னால் பூட்டிய பெட்டிக்குள் பிஸ்டல்கள் இருக்கக் காரை விட்டுப் போகக்கூடாதென்றபடியால், வழியில் டெப்பனர் கடையில் பால் வாங்கக்கூட நிற்காமல் ரொக்ஸ்பரோ வந்து சேர்ந்தோம். வீட்டில் அன்று வெறுந்தேத்தண்ணிதான்.

அதன்பிறகு பின்னேரங்களில் நிலவறையில் கொங்கிறீட் சுவரைப் பார்த்து நின்று, போலித் தோட்டா போட்டு இரண்டு விசைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். குழலுக்கு மேலே ஒரு டொலர் நாணயக் குத்தியை வைத்துவிட்டு விசையை இழுக்கவேண்டும். சுத்தியல் விழும்போது குத்தி விழக்கூடாது. ஜெர்மன்காரன் தொடக்கத்தில் பணிவாக வருவான். நடுவழியில் இறுகுவான். கடைசியில், இதற்குமேல் வரமாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டு, சட்டென்று விட்டுவிடுவான். குத்தி கிணுங்கென்று நிலத்தில் விழும். செக் நாட்டானின் விசை என் விரலுக்குக் கொஞ்சம் எட்டத்தில் இருந்தது. எட்டிப் பிடித்துவிட்டால், தொடக்கத்தில் என்ன பாரமோ கடைசிவரைக்கும் ஏறக்குறைய அதே பாரம். வெள்ளைமீசைக்காரர் களத்தில் தன்னுடைய அமெரிக்கப் பொலிஸ் பிஸ்டலையும் தந்து பார்க்கச் சொன்னார். இழுவை மூன்றிலும் அதுதான் வழுவழுப்பு. ஆனால் பிடி பால் பெட்டி அகலம். என் விரல் நுனி மட்டும்தான் விசையில் பட்டது.

இடியப்பம் பிழிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். உரலை நடுவில் நிறுத்தி நிறுத்தி அமத்தினால் இழை அறுந்துவிடும். ஜெர்மன்காரன் தண்ணீர் காணாத மா. செக் நாட்டான் பதமாகக் குழைத்த மா. இதைச் சொன்னதும் என் கணவர் சிரித்தார்.

"ஜெர்மன்காரன்ர இஞ்சினியரிங்கை இடியப்ப மாவில கொண்டுவந்து விட்டிட்டீர்."

"குத்தி ஆற்ற கையில விழுகுது எண்டு பாருங்கோ" என்றேன். அவர் இழுக்கும்போதுதான் விழுந்துகொண்டிருந்தது.

நிலவறையில் இன்னொரு சண்டையும் நடந்தது. கத்தி, ஊசி, பச்சைமிளகாய் எதையும் நான் ஒருவர் கையிலிருந்து நேரே வாங்கமாட்டேன். அப்படி வாங்கினால் சண்டை வரும் என்று வளர்ந்தவள். வைக்கவேண்டும், நான் எடுப்பேன். பிஸ்டலுக்கும் அதே சட்டம் போட்டேன்.

"சன்னம் இல்லாத துவக்குக்குமோ?" என்று நக்கலடிப்பார்.

"ஓம். வையுங்கோ, எடுக்கிறன்."

போட்டி அன்று காலை, பெட்டியில் செக் நாட்டானை மட்டும் வைத்து இவர் பூட்டுவதைக் கண்டேன்.

"ஜெர்மன்காரனுக்கு என்ன வந்தது?"

"ஒயில் விடேல்லை" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

ஆக ஒரு பிஸ்டலுக்கு இரண்டு பேர். முதலில் அவர் சுடுவது, பிறகு அதே இடத்தில் நான் சுடுவது என்று ஒழுங்கு செய்தார்கள்.

என் கணவர் இடதுகைக்காரர். சின்னனில் அடி வாங்கி எழுத்தையும் சாப்பாட்டையும் வலதுகைக்கு மாற்றியவர். துவக்கோ, அடித்துத் திருத்த ஆளில்லாத வயதில் கைக்கு வந்தபடியால் இடதுகையிலேயே நின்றுவிட்டது. ஆனால் ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பதென்றால் அவருக்கு வலதுகைதான். கடைக்காரருக்குச் சில்லறை கொடுத்தாலும் கை மாற்றித்தான் கொடுப்பார்.

அன்று அவர் நன்றாகச் சுட்டார். கடைசி வெடி நடுவில் போய் விழுந்ததும் பூரித்துப்போனார். எல்லாவற்றையும் மறந்துவிட்டார். வெறுமையான பிஸ்டலை இடதுகையிலிருந்து வலதுகைக்கு மாற்றி, "இந்தாரும்" என்று பின்னால் நின்ற என் பக்கம் தோளைத் திருப்பத் தொடங்கினார். உள்ளே சன்னம் இல்லைதான். ஆனால் களத்தில் வெறும் துவக்கு என்று ஒன்று கிடையாது. குழல் ஆட்களின் பக்கம் திரும்பினால், திருப்பியவர் வெளியே. பிஸ்டலும் பெட்டிக்குள் போகும், என் போட்டியும் அதோடு முடியும். வெள்ளைமீசைக்காரரின் கை பாதி எழும்பிவிட்டது.

"கையில தராதேங்கோ! மேசையில வையுங்கோ!"

காதை மூடிய கவசத்தையும் தாண்டிக் கேட்கும்படி கத்தினேன். களத்து விதி எதுவும் அப்போது என் நினைவில் இல்லை. பச்சைமிளகாய்க்குக் கத்துகிற அதே கத்தல்தான். அவர் அப்படியே நின்றார். குழல் இன்னும் இலக்குகளுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மெல்ல முன்னால் திரும்பி, பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் வந்தார்.

வெள்ளைமீசைக்காரர் வந்து பிஸ்டலைச் சோதித்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். கையிலிருந்து வாங்கமாட்டேன் என்று சொன்னேன் என்றேன். "சே பியன்", நல்லது, என்று தலையாட்டிவிட்டு என்னை முன்னால் போகச் சொன்னார்.

சுத்தியல் படுத்திருந்தது. விரலை எட்டி விசையில் வைத்தேன். குத்தி மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டு இழுத்தேன். நிறுத்தவில்லை, அவசரப்படவும் இல்லை. சுட்டேன், சுத்தியலைப் படுக்கவைத்தேன், திரும்பவும் சுட்டேன். பாதியில் விரல் களைத்துவிட்டது. பெருவிரல் தானாகவே சுத்தியல் பக்கம் போகப் பார்த்தது. எழுப்பியிருந்தால் உண்மையாகவே ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். பெருவிரலைப் பிடியோடு ஒட்டி அமத்திவைத்துக்கொண்டு மிச்சத்தையும் சுட்டேன். கடைசி வெடி ஓரத்தில் போனது, ஆனாலும் வட்டத்துக்குள்தான்.

மூன்றாவதாக வந்தேன். என் கணவருக்கு மேலே, வெள்ளைமீசைக்காரருக்கும் மேலே. மீசைக்காரர் என் இலக்குத்தாளைத் தானே கழற்றிக் கொண்டுவந்து தந்தார். சலுகையைப் பற்றிப் பேசவில்லை, "பிராவோ" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, விருப்பமும் இல்லை. அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மஞ்சளாகும்வரைக்கும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சப்பாத்தைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, நேரே நிலவறைக்குப் போனார். பெட்டியைத் திறந்து, செக் நாட்டானை எடுத்து, உள்ளே வெறுமை என்று தானும் பார்த்து எனக்கும் காட்டினார். குழல் சுவரைப் பார்க்கும்படி மேசையில் வைத்துவிட்டு, கையை எடுத்து ஓரடி பின்னால் போய் நின்றார்.

"எடும். இனி இது உம்மட."

"பதிவு மாத்தவேணும்."

"நாளைக்கே மாத்துவம்."

எடுத்தேன். அன்றிலிருந்து அது என் பெயரில் இருக்கிறது. ஜெர்மன்காரன் அவர் பெயரிலேயே இருக்கிறான், ஒயிலுக்கு ஒரு குறையும் இல்லை.